எந்த மேட்டிலிருந்து எழுந்திருப்பாள்?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்கு வெளியிலிருந்து கிடைத்தது ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

பண்ருட்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடை. மழைக்கு ஒதுங்கினேன். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் கையில் அகப்பட்ட ஒன்றை வாங்கினேன். பச்சை அட்டை போட்ட சின்னப் புத்தகம். செத்த பிறகு மனிதனுக்கு என்ன ஆகிறது என்று கிறிஸ்தவர்கள் நம்புவதை விளக்கி எழுதியது. மரித்தவர்கள் கடைசி நாளில் அவரவர் குழியிலிருந்து உடம்போடு எழுந்திருப்பார்கள் என்று சொல்லும் பக்கத்தின் ஓரத்தில், யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்:

"மண்ணே எடம் மாறிட்டா?"

அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகவே தூங்கினேன். ஆனால் கேள்வி மட்டும் செருப்பில் ஏறிய முள்ளாகக் கூடவே வந்தது. மலையளவு மண் தன் கண்ணெதிரே இடம் மாறியதைப் பார்த்த ஆள்தான் இப்படிக் கேட்க முடியும். நெய்வேலி ஆள்தான் என்று முடிவு கட்டினேன்.

2

ஆரம்பம் எழுதிப் பார்த்தேன்.

"1962 ஐப்பசி. டவுன்ஷிப்பின் மேல் கருமேகங்கள் திரண்டு—"

வேண்டாம். மேகத்தோடு தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவிடுகிறேன்.

"தங்கராசு பெல்ட்டடியில் மண் அள்ளிக்கொண்டிருந்தபோது, மரணம் என்பது—"

அவன் மண் அள்ளட்டும். மரணம் என்பது என்ன என்று நான் எதற்கு முந்திக்கொள்ள வேண்டும்?

"தங்கராசு ஒரு பொய் சொல்லியிருந்தான்."

இது பரவாயில்லை. இதிலிருந்தே போவோம்.

3

1956 ஐப்பசியில் அடைமழை. தங்கராசுவுக்கும் கலியம்மாளுக்கும் ஒரே மகள், அம்சவல்லி, நாலு வயசு. வாந்திபேதியில் ஒரே நாளில் போய்விட்டாள். பெண்கள் இடுகாட்டுக்கு வரும் வழக்கம் இல்லாததால் கலியம்மாள் வாசலோடு நின்றுவிட்டாள். தங்கராசுவும் அவன் அண்ணன் பாவாடையும்தான் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

சேரிக்கு விட்டிருந்த இடுகாடு பள்ளத்தில் இருந்தது. முழங்காலளவு தண்ணீர். பிள்ளையைத் தண்ணீரில் இறக்க அவனுக்குக் கை வரவில்லை. பக்கத்தில் மேட்டு நிலம், ஊர்ப் பெரியதனக்காரர் ஒருவரின் முந்திரித் தோப்பு. வரப்போரம் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, மேலே சருகைத் தள்ளிவிட்டு வந்துவிட்டார்கள். சேரிப் பிள்ளை தோப்பில் கிடக்கிறது என்று தெரிந்தால் தோப்புக்காரர் இருவரையும் மரத்தில் கட்டியிருப்பார். அதனால் கலியம்மாளிடம்கூட அவன் வாயைத் திறக்கவில்லை. பாவாடை அடுத்த கோடையில் காய்ச்சலில் போனான். இடம் தெரிந்தவன் தங்கராசு ஒருவன்தான் மிச்சம்.

பிறகு சுரங்கத்துக்கு நிலம் எடுக்க வந்தார்கள். குமாஸ்தா மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்.

"மரம், கெணறு, சமாதி ஏதாச்சும் உண்டாப்பா? இருந்தா சொல்லிடு. பக்குவமா எடுத்து வேற எடத்துல வச்சுத் தருவாங்க."

பக்கத்து நாற்காலியில் தோப்புக்காரர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றான் தங்கராசு.

(இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவனைச் சொல்ல வைக்க முயன்றேன். "இருக்குதுங்க, தோப்புல—" என்று எழுதியும் பார்த்தேன். நாற்காலியில் இருந்தவர் மெல்லுவதை நிறுத்தினார். நானே அடித்துவிட்டேன்.)

தோப்பு போயிற்று. சக்கர மிஷின் மேல்மண்ணை வாரி பெல்ட்டில் போட, பெல்ட் அதைக் கொண்டுபோய் தூரத்தில் குன்றாகக் குவித்தது. தங்கராசு கான்ட்ராக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை, பெல்ட்டடியில் சிந்தும் மண்ணை அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுவது. ஒவ்வொரு மண்வெட்டியையும் ஒரு நொடி நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போடுவான். பிள்ளை கையில் கருமணி வளையல் கிடந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

இடுகாடும் சுரங்கத்தில் போனதும், பிள்ளையின் குழி என்ன ஆயிற்று என்று கலியம்மாள் கேட்டபோது இரண்டாவது பொய்யைச் சொன்னான். "எல்லாக் குழியும் எடுத்து வடக்குத்து ஊரு சுடுகாட்டுல வச்சிட்டாங்க." ஒரு சின்ன மேட்டையும் காட்டினான். ஒவ்வொரு ஐப்பசியிலும், பிள்ளை செத்த நாளில், அவள் அந்த மேட்டுக்குப் பொரியும் வாழைப்பழமும் கொண்டுபோய் வைத்தாள். அவள் குனிந்து புல்லைப் பிடுங்கும்போது அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான்.

4

இனிப் புத்தகங்கள்.

டவுன்ஷிப்பில் ஒரு ஃபிட்டர் இருந்தார். பிளாக்கே அவரை நாசரேத்துக்காரர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே விட்டுவிடுகிறேன். அவர் பிராட்டஸ்டன்ட். மனைவி தூத்துக்குடிக் கத்தோலிக்கர். காதல் கல்யாணம். எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள், செத்தவர்கள் விஷயம் தவிர. ஒரே டிரங்குப் பெட்டியில் அவர் புத்தகங்கள் இடது பக்கம், அந்த அம்மா புத்தகங்கள் வலது பக்கம்.

தங்கராசு வார லீவில் அவர்கள் குவார்ட்டர்ஸுக்கு விறகு பிளக்கப் போவான். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன். ஒருநாள் திறந்து கிடந்த பெட்டியின் இடது பக்கத்தில் பச்சை அட்டையைப் பார்த்தான். "செத்தவர்கள்" என்ற சொல் அவன் கண்ணைப் பிடித்து இழுத்தது. கோடரியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினான்.

(ஒரு வாசகர் முகம் சுளிப்பது தெரிகிறது: கான்ட்ராக்ட் கூலி மறுமை பற்றியெல்லாம் படிப்பானா? ஐயா, மண்ணில் பிள்ளையைத் தொலைத்தவன் எதை வேண்டுமானாலும் படிப்பான்.)

பச்சைப் புத்தகத்தில் ஒரு பட்டியல் இருந்தது. கடலில் மாண்டவர்களும் எழுவார்கள். நெருப்பில் வெந்தவர்களும் எழுவார்கள். புலி தின்றவர்களும் எழுவார்கள். அவன் விரல் வைத்து மூன்று முறை படித்தான். மிஷின் வாரியவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

அடுத்த லீவில், வலது பக்கத்து நீல அட்டை. அதில் உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று வந்தது. மோட்சத்துக்குப் போகுமுன் பாவக்கறை தீர ஆத்துமாக்கள் காத்திருக்கும் இடம். அவனுக்கு அது சட்டென்று பிடிபட்டது.

"அப்ப இது கான்ட்ராக்ட் மாதிரிங்களாம்மா? பர்மனென்ட் ஆவுற வரைக்கும்?"

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அதேதாம்ப்பா. நாம இங்க செபம் பண்ணினா சீக்கிரம் பர்மனென்ட்."

"எங்க புஸ்தகத்துல கான்ட்ராக்டே கெடையாது" என்று உள்ளேயிருந்து நாசரேத்துக்காரர் குரல் வந்தது. "ஒண்ணு பர்மனென்ட், இல்லன்னா டிஸ்மிஸ்."

"சின்னப் புள்ளைங்களுக்குங்க?" என்றான் தங்கராசு. "நாலு வயசு. ஞானஸ்நானம்லாம் இல்ல. நாங்க அதுல சேந்தவங்க இல்லியே."

சிரிப்பு நின்றது. நீலப் புத்தகத்தில், அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஓரமாக ஓர் இடம் உண்டென்று ஒரு பத்தி இருந்தது. வேதனை கிடையாது, ஆனால் கடவுளைப் பார்க்கவும் முடியாது. அந்த அம்மா அதை வாசிக்காமல் புத்தகத்தை மடியில் கவிழ்த்தார். நாசரேத்துக்காரர் வெளியே வந்து படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாரோட புள்ள தங்கராசு?"

அவன் சொல்லிவிட்டான். தோப்பு, குமாஸ்தா, பெல்ட், வடக்குத்து மேடு எல்லாம். சொல்லி முடித்து ஒன்றே ஒன்று கேட்டான்.

"அது எந்திரிக்கறப்ப எந்த மேட்டுலேந்துங்க எந்திரிக்கும்? வூட்டுக்காரி ஒரு மேட்டுல ஒக்காந்துகினு இருப்பா. புள்ள அந்தாண்ட மண்மலையிலேந்து வரும். யாருமே இல்லாம முழிக்கும்."

நாசரேத்துக்காரர் படியில் கிடந்த விறகுச் சிராய்களை ஒதுக்கித் தள்ளினார். பிறகு, "கடவுளுக்கு எந்த மண்ணுன்னு தெரியும்ப்பா" என்றார். "ஒம் பெஞ்சாதிக்குத்தான் தெரியாது. அதுக்கு எம் புஸ்தகத்துல வழி இல்ல."

"என்னுதுலயும் இல்ல" என்றார் அந்த அம்மா. இரண்டு பக்கத்துப் புத்தகங்களும் ஒத்துப்போனது அன்று ஒருநாள்தான்.

5

தங்கராசுமேல் எனக்கு ஒரு சந்தேகம். எழுத எழுத வளர்ந்தது. அவன் பிள்ளையைத் தேடித்தான் படித்தானா? அல்லது எந்தக் குழியாக இருந்தாலும் ஒன்றுதான் என்று அச்சில் ஒரு வரி கிடைத்தால், கலியம்மாளிடம் சொல்லாமலே காலத்தைத் தள்ளிவிடலாம் என்று படித்தானா? அவனிடமே கேட்டேன். அதுவும் இதுவும்தான் என்கிறான். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது, அப்புறம் பாவமாக இருந்தது.

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

ஒன்று: அவன் ஞானஸ்நானம் பெறுகிறான். அவன் கேட்டது அதுவல்ல. அடித்தேன்.

இரண்டு: மண்மலைச் சரிவில், மழை அரித்த இடத்தில், கருமணி வளையல் பளபளக்கி— சினிமா. அடித்தேன்.

மூன்று: கலியம்மாளுக்கு முதலிலிருந்தே தெரியும். "இதுல கெடக்கறது எம் புள்ள இல்லன்னு தெரியாதாய்யா எனக்கு? மண்ண தொட்டா தெரியாதா? யார் பெத்ததோ. அதுக்கும் ஒருத்தி பொரி வெக்கணுமில்ல" என்கிறாள். இதை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. அதனால்தான் நம்ப முடியவில்லை. தங்கராசு வாயே திறக்காமல் தப்பித்துவிடுகிறான். பெற்றவளை வைத்து அவனுக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுப்பது என் வசதிக்குத்தான். வருத்தத்தோடு அடித்தேன்.

7

மிச்சம் இருப்பது இவ்வளவுதான்.

அந்த வருஷம், 1962-ல், பிள்ளை செத்த நாள், கத்தோலிக்கர்கள் செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் வந்தது. தூத்துக்குடியம்மா அவனிடம் ஒரு மெழுகுவர்த்தி கொடுத்தனுப்பினார். நாசரேத்துக்காரர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார், பச்சைப் புத்தகத்தை மட்டும் "நீயே வச்சுக்க" என்று கையில் திணித்தார்.

கலியம்மாள் பொரிப் பையோடு முன்னால் நடக்கிறாள். வடக்குத்துக்குத் திரும்பும் இடத்தில் மரங்கள் விலகி மண்மலை முழுசாகத் தெரிகிறது. நாலைந்து வருஷத்து மழையில் அதன் அடிவாரத்தில் புல் பிடித்திருக்கிறது. தங்கராசு நின்றுவிடுகிறான்.

அவள் திரும்பிப் பார்க்கிறாள். "இன்னாய்யா நின்னுட்ட? மழ வர்றதுக்குள்ள போலாம் வா."

"கலியா" என்கிறான்.

"இன்னா?"

அவன் வாயைத் திறந்திருக்கிறான். குமாஸ்தா இல்லை, தோப்புக்காரர் இல்லை, புத்தகம் மடியில் செருகியிருக்கிறது. நான்காம் முடிவை நான் எழுதப்போவதில்லை. அவனுக்காகப் பேசி ஏற்கெனவே மூன்று முறை கெடுத்துவிட்டேன். இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன். உங்களிடம் பென்சில் இருந்தால், அவன் அவளிடம் என்ன சொன்னான் என்று எழுதுங்கள். எழுதுமுன் அவள் முகத்தை ஒருமுறை பாருங்கள், கையில் பொரிப் பையோடு நின்றுகொண்டிருக்கிறாள்.