மீன் தொட்டிக்கு ஒரு பூட்டு

காலையிலேயே பூட்டுக்காரருக்கு வயிறு எரிந்தது. கடை ஷட்டரைத் தூக்கியதும் வாசலிலேயே நின்று போனை எடுத்து, "அவசரமா பூட்டு திறக்க ஆள்" என்று தேடிப் பார்த்தார். மறுபடியும் முதலில் வந்தது அந்தப் படுபாவியின் கடைதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருப்பதால் இவர் வாயில் அவன் பெயர் பாலத்துக்காரன். இவருடைய சைட் மூன்றாவதாக வந்தது.

மூன்றாவது இடம் ஒன்றும் மோசமில்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். செருப்புக் கடைக்கு மோசமில்லைதான். பூட்டுத் தொழிலில் மூன்றாவது வந்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு மழையில் நிற்கிறவர், நிதானமாக நாலு கடையை ஒப்பிட்டா பார்ப்பார்? கண்ணில் படுகிற முதல் நம்பரை அழுத்துவார், அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்கக் கடை போன் செத்த எலி மாதிரி கிடந்தது.

சைட் வேலையெல்லாம் பார்த்தது அவர் மனைவியின் தம்பி, அதாவது மச்சான். பின்னறையில் சாவி வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு மேஜை. வாரத்துக்கு ஒரு நாள் இருவரும் அங்கே உட்கார்ந்து மற்ற பூட்டுக் கடைகளின் சைட்டுகளை மேய்வார்கள். எவன் எந்தச் சொல்லைப் போட்டு ஆளை இழுக்கிறான், எவன் பக்கம் சட்டென்று திறக்கிறது, எந்தெந்த சைட் எவனைக் கைகாட்டுகிறது என்று ஒன்றையும் விடுவதில்லை.

"அவங்க எழுதினதையே நாமளும் எழுதினா பின்னாடியேதான் நிப்போம், மாமா" என்பான் மச்சான். "ஜனங்க கேக்கறாங்க, எவனும் பதில் சொல்லல. அப்படி ஒண்ணைப் பிடிச்சோம்னா நாமதான் முதல்ல."

அப்படிப் பிடித்ததுதான், குழந்தை குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்கிற பக்கம். எந்தக் கடைக்காரனும் அதை எழுதியிருக்கவில்லை. மச்சான் அருமையாக எழுதினான். ஆனால் மாமா தலையாட்டாமல் எதுவும் வெளியே போகக்கூடாது, அது கடைச் சட்டம். அதையும் கம்ப்யூட்டரில் பார்க்க மாட்டார். "கஸ்டமர் போன்லதானே பாக்கறான்? என் போன்ல வரட்டும், அப்புறம் சொல்றேன்" என்பார். அதனால் மச்சான் பக்கத்தை சைட்டில் ஏற்றி, முகப்புப் பக்கத்திலிருந்து அதற்கு வழி வைக்காமல், அதன் முகவரியை மாமாவுக்கு மட்டும் அனுப்புவான். மாமா "இந்த வரி இழுக்குது", "படம் மங்கலா இருக்கு" என்று நாள் கணக்கில் அடைகாப்பார்.

அவர் அடைகாத்து முடிப்பதற்குள் பாலத்துக்காரன் சைட்டில் குளியலறைக் குழந்தை வந்துவிட்டது. சரி, தற்செயல் என்று விட்டார். அடுத்து, சாவி உடைந்து பூட்டுக்குள் மாட்டிக்கொண்டால் என்கிற பக்கம். அதுவும் அங்கே முந்திக்கொண்டது. அதற்கடுத்து வாடகைக்காரர் சாவியோடு போய்விட்டால் என்கிற பக்கமும் போனபோது, பூட்டுக்காரருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. விஷயம் தெரிந்தது இருவருக்கு. ஒருவர் அவர். மிச்சம் யார்?

சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் எல்லாமே சாட்சி சொல்லும். மச்சான் போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறான். அழைப்பு வந்தால் தெருவுக்குப் போய்ப் பேசுகிறான். புதுச் செருப்பு வேறு.

"உன் தம்பி ரொம்ப ரகசியமா பேசறானே, யார்கிட்ட?" என்று மனைவியிடம் கேட்டார், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி.

"ஒரு பொண்ணுகிட்ட பேசறான். எனக்குத் தெரியும். அவனே சொல்வான்னு விட்டுட்டேன்."

"ஓ! உனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும். இந்த வீட்டுல எனக்கு மட்டும்தான் எதுவும் தெரியாது."

"ஏங்க, என்ன பேச்சு இது? சந்தேகப்பட ஆரம்பிச்சா கண்ணாடியில தெரியற மூஞ்சியைக்கூட யாருன்னு கேப்பீங்க" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

 அவர் மறுநாளே பொறி வைத்தார். மச்சானைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "மீன் தொட்டி மூடிக்குப் பூட்டு வேணும்னு நிறையப் பேர் கேக்கறாங்க. ஒரு பக்கம் எழுது. வழக்கம்போல எனக்கு மட்டும் அனுப்பு. வெளியில மூச்சு விடாதே" என்றார்.

"மீன் தொட்டிக்கா? மீனு ஓடிடுமா மாமா?" என்று சிரித்தான் அவன். ஆனாலும் எழுதினான், பூனையிடமிருந்து காப்பது எப்படி என்று ஒரு பத்தியும் சேர்த்து.

பூட்டுக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்தார். அந்த வாரம் கழிவதற்குள் பாலத்துக்காரன் சைட்டில் மீன் தொட்டிப் பூட்டு வந்தது. பூனைகூட வந்திருந்தது. அதைப் பார்த்தபோது அவருக்குக் கோபத்தைவிட சந்தோஷம்தான் முதலில் வந்தது. அடேயப்பா, நான் சொன்னது எவ்வளவு சரி!

"கையும் களவுமா மாட்டிக்கிட்டே" என்று போனை மச்சானின் முகத்துக்கு நேரே நீட்டினார். "உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடா!"

மச்சான் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். "மாமா, நான் யார்கிட்டயும் சொல்லல."

"மீன் தொட்டி அவனுக்குக் கனவுல வந்துச்சா?"

"எனக்குத் தெரியல மாமா. ஆனா நான் இல்ல."  கடைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனான். அன்றிலிருந்து மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தினாள். "சாப்பாடு இருக்கு" என்பாள், அதுவும் சுவரைப் பார்த்து.

சில நாள் கழித்து ஒரு திரைச்சீலைக் கடைக்காரர் போன் செய்தார். "உங்க மச்சான் எங்க சைட்டைப் பாத்துக்க வேலை கேட்டு வந்திருக்காரு. ஆள் எப்படி?"

"கெட்டிக்காரன்தான்" என்றார் பூட்டுக்காரர். "ஆனா வாயில ரகசியம் தங்காது. அப்புறம் உங்க இஷ்டம்." அடுத்து ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரர் கேட்டார். அவருக்கும் இதையேதான் சொன்னார். சொல்லச் சொல்ல மனசுக்கு இதமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

மச்சான் போன பிறகு சைட் ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. வேறு வழியில்லாமல், இந்த வேலையையே தொழிலாகச் செய்கிற ஒரு பெண்ணை வரவழைத்தார். அவள் மச்சானின் நாற்காலியில் உட்கார்ந்து, பாலத்துக்காரன் சைட்டையும் இவர் சைட்டையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து கொஞ்ச நேரம் தட்டினாள்.

"சார், இந்த மீன் தொட்டிப் பக்கம் முகப்புல எங்கயும் இல்லையே, எதுக்கு வச்சிருக்கீங்க?"

"அது எப்படி உனக்குக் கிடைச்சுது?" பூட்டுக்காரர் பாய்ந்து வந்தார். "அது என் போனுக்கு மட்டும் வந்ததாச்சே!"

"அப்படியெல்லாம் இல்ல சார். புதுப் பக்கம் ஏத்தினா உங்க சைட்டே தேடுபொறிக்குத் தானாத் தகவல் சொல்லிடும். அதை நிறுத்தி வைக்கல. தேடல்ல உங்க சைட் பேரைப் போட்டு எல்லாப் பக்கத்தையும் காட்டுன்னா, யாருக்கு வேணா வந்துடும். போட்டிக்காரங்க தினமும் செய்யறதுதான் இது. நீங்களும் அவங்க சைட்டைப் பாக்கறீங்கல்ல?" அவள் திரும்பிப் பார்த்தாள். "கம்ப்யூட்டர்லயே வச்சுப் பாத்துட்டு ஏத்தியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. எதுக்கு முன்னாடியே ஏத்தினீங்க?"

எதுக்கு என்று அவருக்குத் தெரியும்.  என் போன்ல வரட்டும், என் போன்ல வரட்டும் என்று அவரே ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து போட்டுவிட்டு, வீட்டுப் பிள்ளையைத் திருடன் என்று துரத்தியிருக்கிறார்.

மச்சான் போனை எடுக்கவில்லை. மனைவியிடம் போய் நின்றார். நடந்ததைக் கேட்டதும் அவள் அழுதாள், திட்டினாள், கடைசியில் அவன் இப்போது வேலை செய்கிற இடத்தைச் சொன்னாள்.  பூட்டுக்காரர் பாலத்தைத் தாண்டி நடந்தார்.

பாலத்துக்காரன் கடையும் இவர் கடை மாதிரியேதான் இருந்தது. அதே சாவி மெஷின், அதே இரும்புத் தூள் வாசனை. பின்னறை மேஜையில் மச்சான் உட்கார்ந்திருந்தான். பாலத்துக்காரர் எழுந்து, "வாங்க, வாங்க" என்றார், கொஞ்சம் வெட்கப்பட்டபடி. "உங்க சைட்டை தினமும் பாக்கறது நான்தான். மீன் தொட்டிக்கு எவன் பூட்டுவான்னு யோசிச்சேன். ஆனா நீங்க போட்டா விஷயம் இல்லாம இருக்காதேன்னு நானும் போட்டுட்டேன்."

பூட்டுக்காரர் மச்சான் பக்கம் திரும்பினார். "வாடா வீட்டுக்கு" என்றார். "தப்பு என்னோடது. உன் அக்கா என் மூஞ்சியையே பாக்க மாட்டேங்கறா. தப்புதான்டா, மன்னிச்சுடு."

"உக்காருங்க மாமா" என்றான் அவன். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "திரைச்சீலைக் கடையில கேட்டேன். ஃபர்னிச்சர் கடையில கேட்டேன். வேலை தர்றேன்னுதான் சொன்னாங்க. அப்புறம் உங்களுக்குப் போன் பண்ணாங்க. அதுக்கப்புறம் என் போனை யாரும் எடுக்கல."

மச்சான் பாலத்துக்காரரைக் கைகாட்டினான்.

"இவரு மட்டும்தான் என்னைப் பத்தி யாரையும் விசாரிக்கல. ஏன் தெரியுமா? நான் ஒரு வார்த்தைகூட வெளியில சொன்னதில்லைன்னு நிச்சயமாத் தெரிஞ்சவர் இந்த ஊர்லயே இவர் ஒருத்தர்தான். நீங்க நம்பியிருக்கணும் மாமா. நீங்கதான் நம்பியிருக்கணும்."

மேஜையில் போன் அடித்தது. மச்சான் எடுத்தான். "சொல்லுங்கம்மா. பதறாதீங்க, குழந்தை அழுதா அழட்டும். அது என்ன தாழ், மேல இருக்கா கீழ இருக்கா?" என்று கேட்டபடியே கிளம்பச் சொல்லிப் பாலத்துக்காரருக்குக் கை காட்டினான். அவர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பூட்டுக்காரர் வெளியே வந்தார். வீட்டில் மனைவியிடம் என்ன சொல்வது என்று பாலம் முழுக்க யோசித்தார்.