தேர் நின்ற வாசல்

ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குக் கொம்பு ஊதியபோது அம்மாக்கண்ணு கொழுந்துக் கூடையைத் தொடவில்லை. ஐந்து வயது மகள் பூரணி விடிவதற்குள் ஏழு தடவை வயிற்றால் போய், துவண்டு மடியில் கிடந்தாள். லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் வண்ணக் காகிதத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது. முந்தின நாள்தான் மாரியம்மன் கோயிலில் கொடி ஏற்றிக் காப்புக் கட்டியிருந்தார்கள்.

இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு ஆறு மைல் மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொண்டாட்டங்களுக்குக் குறைவில்லை. தையில் பொங்கல், சித்திரையில் வருடப்பிறப்பு, புத்தர் பிறந்த வெசாக்குக்கு அட்டன் டவுனுக்குப் போய்க் காகித வெளிச்சக்கூடு பார்ப்பது, ஐப்பசியில் தீபாவளி. ஆனாலும் திருவிழா என்று சும்மா சொன்னால் அது மாசி மாத மாரியம்மன் திருவிழாதான். அதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. காப்புக் கட்டிய நாளிலிருந்து நான்காம் நாள் தேர் நிலைக்கு வரும்வரை தோட்டத்து ஆள் ஒருவரும் எல்லை தாண்டி வெளியே இரவு தங்கக் கூடாது. லயத்தில் சாவு விழுந்தால் தீட்டு. திருவிழா அத்தோடு நின்றுவிடும். இதையெல்லாம் யார் எப்போது போட்டார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெரியாத விஷயத்தில்தான் நம்மவர்களுக்குப் பிடிவாதம் அதிகம்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் டொக்டர் ஐயா பூரணியின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிப்பாகவே நின்றது.

"இங்க வச்சுப் பாக்க முடியாதும்மா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். சேலைன் ஏத்தணும், நாலஞ்சு நாள் தங்கணும். துண்டு எழுதித் தர்றேன், இன்னிக்கே போயிரு" என்றார்.

அந்தத் துண்டுச் சீட்டோடு அம்மாக்கண்ணு கோயிலுக்கு ஓடினாள். கணவன் பழனியாண்டி அந்த வருடம் கரகம் எடுப்பதற்காகக் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலிலேயே தங்கியிருந்தான். துண்டை வாங்கிப் பார்த்தவன், அதைத் திருவிழாத் தலைவர் ஆண்டியப்பன் கங்காணியிடம் நீட்டினான்.

ஆண்டியப்பன் கெட்ட மனிதர் அல்ல. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதலில் போய் நிற்பவர். அவர் துண்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு நாள் பொறு தாயி. தேர் நெலைக்கு வந்தவொடனே நானே லொறி கேட்டு அனுப்புறேன். இப்ப எல்ல தாண்டித் தங்குனா மொத்தத் தோட்டத்துக்கும் ஆகாது. ஆத்தா புள்ளைய ஆத்தா பாத்துக்குவா."

"புள்ள கண்ணே தொறக்கலைங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

"திருநீறு பூசி விடு."

பழனியாண்டி மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்தான்.

மறுநாள் அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகவே பெரியாஸ்பத்திரிக்கு நடந்தாள். எல்லைப் பாலத்தில் ஐந்தாறு பெண்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தியும் அவளைத் திட்டவில்லை. "வா அக்கா, தெய்வக் குத்தம் வேணாம். நாளைக்கி ஒரு நாள்தானே" என்று அன்பாகப் பேசினார்கள். கை வலிக்குமே என்று பிள்ளையை ஆளுக்குக் கொஞ்ச தூரம் சுமந்தும் வந்தார்கள். அவ்வளவு நல்லவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? அவள் திரும்பி வந்துவிட்டாள்.

தேரன்று காலை பத்து மணிக்குப் பூரணி இறந்துபோனாள்.

பக்கத்து வீட்டு வீரம்மா ஓடிப்போய் ஆண்டியப்பனிடம் மட்டும் சொன்னாள். அவர் வந்து வாசலுக்கு வெளியே நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"தாயி, தேர்ல சாமிய ஏத்தியாச்சு. நாலு மணிக்கு நெலைக்கு வந்துரும். அதுவரைக்கும் சத்தம் வெளிய வரவேணாம். வருசம் பூரா காத்திருந்த சனம். பழனியாண்டிக்கும் இப்ப தெரிய வேணாம், தலையில கரகம் இருக்கு."

அம்மாக்கண்ணு தலையாட்டினாள். ஏன் ஆட்டினாள் என்று பிற்பாடு அவளுக்கே விளங்கவில்லை. வீரம்மா கதவைச் சாத்தினாள்.

நண்பகலில் தேர் அந்த லயத்துக்கு வந்தது. தப்புப் பறைச் சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. வழக்கப்படி ஒவ்வொரு வாசலிலும் நின்று, தேங்காய் உடைத்து, நகர்ந்து, சாத்தியிருந்த கதவின் முன்னாலும் தேர் நின்றது.

"ஏன் கதவு சாத்தியிருக்கு?" என்று வெளியே பழனியாண்டியின் குரல் கேட்டது.

"புள்ள தூங்குது. எழுப்ப வேணாமுன்னு சாத்தியிருக்கா" என்றார் ஆண்டியப்பன்.

"அப்ப நல்லாருக்குன்னு சொல்லுங்க" என்று சிரித்தான் பழனியாண்டி. தப்பு மறுபடி முழங்கியது. அவன் ஆடிக்கொண்டே அடுத்த வாசலுக்குப் போனான்.

உள்ளே அம்மாக்கண்ணு மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதம் சில்லென்று இருந்தது. சட்டியில் காலைக் கஞ்சி ஆடை கட்டியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலரை மணிக்குப் பழனியாண்டிக்குச் சொன்னார்கள். அவன் மண்ணில் விழுந்து புரண்டான். பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். அம்மாக்கண்ணுவுக்கு மட்டும் அழுகை வரவில்லை. ஆறரை மணி நேரம் அடக்கி வைத்தது அப்படியே அடங்கிவிட்டது. மூன்றாம் நாள் மலைக்குப் போனாள். கொழுந்து பறித்தாள், நிறுத்தாள், வந்து சமைத்தாள். சோறு பொங்கினாலும் புளித்தாலும் அவளுக்கு ஒன்றாகத்தான் இருந்தது. பொங்கலும் தீபாவளியும் வந்து போயின. பலகாரம் கொடுத்தால் வாங்கி வைத்தாள்.

அடுத்த மாசியில் திருவிழாக் கூட்டம் கோயில் முன்றிலில் கூடியது. ஆண்டியப்பன் கட்டுப்பாடுகளை வாசித்து, "யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்ல இருக்கா?" என்று வழக்கமாகக் கேட்டார். வழக்கமாக யாரும் எதுவும் சொல்வதில்லை. பெண்கள் வாயே திறப்பதில்லை.

அம்மாக்கண்ணு எழுந்தாள். குரலில் கோபமில்லை, பெரட்டில் பெயர் கொடுப்பதுபோலச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணு கேக்கணுங்க. சாவு விழுந்தா திருவிழாவ நிறுத்தணும், அது ஒரு கட்டுப்பாடு. யாரும் எல்ல தாண்டித் தங்கக் கூடாது, அது ஒரு கட்டுப்பாடு. என் புள்ள செத்தன்னிக்கி, தேர் ஓடணுமுன்னு மொதக் கட்டுப்பாட்ட நீங்களே மீறுனீங்க. பொணம் கெடந்த வாசல்ல தேர நிறுத்தித் தேங்காயும் ஒடச்சீங்க. ஆத்தா உங்கள ஒண்ணும் பண்ணல. தேருக்காக மீறலாமுன்னா, புள்ளைக்காக ஏன் மீறக் கூடாது?"

சாவை மறைத்தது அன்றுதான் பலருக்குத் தெரியவந்தது. பழனியாண்டி முகத்தைத் தோள் துண்டால் மூடிக்கொண்டான்.

ஆண்டியப்பன் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். பிறகு கைகூப்பினார். "தப்பு என்னோடதுதான் தாயி. ஆத்தாவுக்குப் பயந்தேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நான் பயந்தது சனத்துக்கு. என்னய மன்னிச்சிரு."

"என்கிட்ட மன்னிப்பு எதுக்குங்க? டொக்டர் ஐயா துண்டு எழுதுனா, அன்னிக்கே லொறியில ஏத்தி அனுப்புங்க. திருவிழா அடுத்த வருசமும் வரும். புள்ள வராது."