சித்தி தேவையில்லை என்ற குறிப்பு

பள்ளிக்குக் கட்டுரை திருத்தும் மென்பொருள் வந்த மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் சித்தியை அது நீக்கியது. ‘எங்கள் வீடு’ கட்டுரையின் நான்காம் வரிக்குப் பக்கத்தில், “சித்தி தலைப்புக்குத் தேவையில்லை” என்று குறிப்பு இருந்தது. அதற்கு முன் இதேபோல் ஒரு பூனையும் இரண்டு மரங்களும் போயிருந்தன. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மென்பொருளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நூற்றெண்பது கட்டுரைகளில் ஒன்றைக்கூடப் படிக்காமல் ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்று அழுத்தியவர் ஆசிரியை.

அந்த மாணவியின் வீட்டில் மிதிக்க ஆளில்லாமல் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பள்ளிக்கு ஓடிவந்தாள். “தங்கச்சியக் காணோம் டீச்சர். செருப்பு வாசல்லயே கிடக்கு.”

ஆசிரியை அப்போதுதான் அந்தக் கட்டுரையைப் படித்தார். நான்கு மணிக்கு மதிப்பெண்கள் பூட்டப்படும். பிறகு யாராலும் எதையும் மாற்ற முடியாது. சித்தியில்லாத கட்டுரைக்குத் தொண்ணூற்று நான்கு. பெரிய பள்ளியில் இடம் கிடைக்க அது போதும்.

மாணவியைக் கணினி முன் உட்காரவைத்தார்கள். ‘சித்தி நல்லவர்’ என்று எழுதினாள். “பொதுவான கூற்று, நீக்கலாம்” என்றது. ‘சித்தி அன்பானவர்’ என்றாள். “சான்று இல்லை.” மூன்றரைக்கு அப்பா போன் செய்து, வாசலில் செருப்பும் மங்கிக்கொண்டு வருகிறது என்றார்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ‘எங்கள் வீடு’ என்ற தலைப்பை மறந்துவிட்டு, வாயில் குண்டூசிகளைக் கடித்தபடியே திட்டும் சித்தியை எழுதினாள். பிளந்த கட்டைவிரல் நகத்தை எழுதினாள். தான் காய்ச்சலில் கிடந்தபோது சித்தி அளவு நாடாவோடு வந்து, “ரெண்டு இன்ச் வளர்ந்துட்டடி, உனக்கு ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி அழுததை எழுதினாள்.

மூன்று ஐம்பத்தேழுக்குக் குறிப்பு வந்தது: “தலைப்பிலிருந்து முற்றிலும் விலகியது. முப்பத்தொன்று. சித்தியை நீக்கினால் எதுவும் மிஞ்சாது.”

“பெரிய ஸ்கூல் போயிடும்மா,” என்றார் ஆசிரியை.

“போகட்டும் டீச்சர். எதையும் நீக்காம அப்படியே அழுத்துங்க.”

வீட்டில் சித்தி, குண்டூசிகளைக் கடித்தபடி, மெஷினை ஓடவிட்டது யார் என்று திட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. தைக்கும்போது பாட்டு முணுமுணுக்கும் பழக்கம் மட்டும் இல்லை. அதை எழுத மாணவி மறந்துவிட்டாள். அடுத்த பருவத்தில் ‘நீர் மாசுபாடு’ கட்டுரையின் இரண்டாம் பத்தியில் அதைச் சேர்த்தாள். ஒன்பது மதிப்பெண் போயிற்று. அன்று மாலை சித்தி முணுமுணுத்துக்கொண்டே பொத்தான் தைத்தாள்.