மானம்பூவுக்கு ஒரு லீக்ஸ்

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து ஓடிவந்த சண்முகலிங்கத்துக்கு டென்மார்க்கில் கிடைத்த முதல் வேலை, துவக்குச் செய்கிற பட்டறையில். விதி சில பேரோடு இப்படித்தான் பகிடி விடும். செய்தி கேட்ட அன்று மனைவி தவமணி அடுப்பை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

"இஞ்சருங்கோ, இந்தத் தேசத்திலை உங்களுக்கு ஒரு பிஸ்கற் பக்டரி கிடைக்கேல்லையோ?"

"இது வேட்டைத் துவக்கு தவமணி. மானுக்கு."

"மானுக்கு மட்டும் நோகாதோ?" என்றுவிட்டு அவள் திரும்பவும் அடுப்படிக்குப் போனாள்.

பட்டறை ஹேர்னிங் நகரத்தின் ஓரத்தில் இருந்தது. முதலாளி ஹோல்கர் அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் அதுவும் பேசமாட்டார், காது மட்டும் சிவக்கும். யாழ்ப்பாணத்தில் சங்கக்கடை மனேஜராக இருந்த சண்முகலிங்கம் அதுவரை சுவரில் ஒழுங்காக ஓர் ஆணி அடித்தது கிடையாது. அவரை எதற்காக எடுத்தார் என்பது ஹோல்கருக்கே வெளிச்சம். ஆனால் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தார். "பிர்கிற்றின் துவக்கு முடியட்டும். உன்னை வைத்திருப்பதா இல்லையா என்று அன்றைக்குச் சொல்கிறேன்."

வைத்திருக்காவிட்டால் பழையபடி அகதிக் காசில்தான் சீவியம். அதை நினைத்தாலே சண்முகலிங்கத்துக்குச் சோறு இறங்காது.

பிர்கிற் என்ற பெண்மணி பக்கத்து ஊரான பிராண்டேயில் மாட்டு வைத்தியர். ஆறடிக்குக் கிட்ட உயரம், நீண்ட கை, நீண்ட கழுத்து. கடையில் விற்கிற எந்தத் துவக்கும் அவருடைய தோளுக்குப் பொருந்தவில்லை. அதோடு அவர் வேட்டைக்குப் போவது ஸ்கொட்லாந்து மலைக்கு. இங்கே ஜூட்லாந்தில் மான் என்றால் பற்றை ஓரத்தில் கிட்ட வந்து நிற்கும். அங்கே மான் ஒரு மலைச்சரிவில், சுடுகிறவர் எதிர்ச்சரிவில். அந்தத் தூரத்துக்கு ஏழு மில்லிமீற்றர் மக்னம்தான் வேண்டும் என்று ஹோல்கர் தீர்மானித்துவிட்டார். பெரிய தோட்டா, நீளமான பாரக் குழல், தூரப் பார்வைக்கு மேலே ஒரு தொலைநோக்கி.

இரும்பு வேலை முழுவதும் ஹோல்கருடையது. பிர்கிற்றின் கைக்கும் கழுத்துக்கும் அளவெடுத்து வால்நட் மரத்தில் பிடியைச் செதுக்கியதும் அவர்தான். தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும் சண்முகலிங்கத்தின் பங்கு. ஆளிவிதை எண்ணெயைத் துளித்துளியாக விட்டு, உள்ளங்கை சுடும்வரை தேய்க்கவேண்டும். காய்ந்ததும் மறுபடியும் தேய்க்கவேண்டும். தேய்க்கத் தேய்க்க மரத்துக்குள் இருந்த வரிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஒருநாள் பின்னேரம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, இவ்வளவு வடிவான ஒன்றை என் கை செய்திருக்கிறதா என்று அவருக்கே நம்ப முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குச் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்.

ஹோல்கர் ஓயாமல் சொன்ன விதி ஒன்றுதான். பிடியின் மரம் குழலுக்குக் கீழேயும் நீண்டு ஓடும், ஆனால் குழல் அதில் எங்கேயும் முட்டக்கூடாது. குழலுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு கடதாசித் துண்டை விட்டு இழுத்தால் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். முட்டினால் குறி தப்பும்.

வியாழக்கிழமை பட்டறை முழுக்க மினுக்கல் தூசி பறந்தது. கடைசிப் பூச்சுக்குத் தூசி ஆகாது. இரும்பு பட்டறையை விட்டு வெளியே போகக்கூடாது, மரம் வெறும் மரம்தானே, வீட்டில் வைத்துப் பூசிக்கொண்டு சனிக்கிழமை கொண்டுவா என்றார் ஹோல்கர். சனிக்கிழமை காலையில் பிர்கிற் துவக்கை எடுக்க வருகிறார். அடுத்த கிழமை எஸ்பியர் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறார்.

சண்முகலிங்கம் மரப்பிடியைப் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார், பூசினார், மேசையில் வைத்தார். வெள்ளிக்கிழமை டேனிஷ் வகுப்புக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மேசை வெறுமையாகக் கிடந்தது.

வீட்டின் மூலையில் சரஸ்வதி படம், கும்பம், விளக்கு. படத்துக்கு முன்னால் தவமணியின் தையல் கத்தரிக்கோல், அகப்பை, அவருடைய டேனிஷ் பாடப்புத்தகம். எல்லாவற்றுக்கும் நடுவில், கொம்பனி எம்.டி. மாதிரி, பிர்கிற்றின் மரப்பிடி. அதன் நெற்றியில், மரப்பிடிக்கு நெற்றி என்று ஒன்று இருந்தால், சந்தனப் பொட்டும் குங்குமமும்.

"தவமணி, என்ன செய்திருக்கிறீர்?"

"பூசைக்கு வைச்சிருக்கிறன். எங்களுக்குச் சோறு போடுற ஆயுதம் வேற என்ன இருக்கு இந்த வீட்டிலை?"

"நாளைக்குக் குடுக்கவேணுமப்பா."

"வைச்சதை விஜயதசமிக்கு முன்னம் எடுக்கேலாது. அதுவும் களைச்சிருக்கும், திங்கட்கிழமை வரைக்கும் கிடக்கட்டும்."

அவர் கெஞ்சினார். அவள் விளக்குக்கு எண்ணெய் விட்டாள். அவர் கத்தினார். அவள் ஹீற்றரை இன்னும் ஒரு திருகு திருகினாள். தவமணியின் வீட்டில் ஹீற்றர் எப்போதும் உச்சத்தில்தான் இருக்கும், கதவைத் திறந்தால் பங்குனி வெயில் அடிக்கும். தானே எடுத்துக்கொண்டு ஓடலாமா என்றும் யோசித்தார். ஆனால் சாமியிடமிருந்து ஒரு பொருளைப் பறிக்கும் துணிவு சங்கக்கடை மனேஜர்களுக்கு வராது.

சனிக்கிழமை காலை வெறுங்கையோடு பட்டறை வாசலில் போய் நின்றார். பிர்கிற் ஏற்கனவே வந்திருந்தார். தன் அரைகுறை டேனிஷில் சண்முகலிங்கம் நடந்ததைச் சொல்லச் சொல்ல, ஹோல்கரின் காது சிவந்துகொண்டே போனது. பிர்கிற்தான் கார்ச் சாவியை எடுத்தார்.

"என் துவக்கு சாமி கும்பிடுகிறதா? அதை நான் பார்க்கவேண்டும்."

மூன்று பேரும் மாட்டு மணம் வீசும் காரில் வந்தார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த ஹோல்கர், தான் செதுக்கிய மரத்தில் சந்தனத்தைக் கண்டதும் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிர்கிற் நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து கடலைச் சுண்டலை வாங்கிக்கொண்டார்.

தவமணி சொல்ல, சண்முகலிங்கம் மொழிபெயர்த்தார். ஆயுதங்களுக்கு ஓய்வு. விஜயதசமியன்று எது தொடங்கினாலும் நன்றாக வரும். அன்று ஊர்க் கோயில்களில் மானம்பூத் திருவிழா. எருமைத் தலை அசுரனாக ஒரு வாழையை நட்டு, அம்மனுக்காக ஐயர் அதை வாளால் வெட்டுவார்.

"எருமை என்ன குற்றம் செய்தது?" என்று பிர்கிற் கேட்டார். மாட்டு வைத்தியர் அல்லவா. பிறகு சுண்டலை மென்றபடி, "என் அப்பா நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் கலப்பையை வயலில் விடமாட்டார். அதுவும் வீட்டுக்குள் வந்து படுக்கவேண்டும் என்பார்" என்றார். ஹோல்கர் பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமை எடுத்துக்கொள்கிறேன்."

ஹோல்கர் எழுந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார். சண்முகலிங்கத்துக்கு அந்த இரண்டு நாளும் நித்திரை வரவில்லை.

திங்கள் விடிய தவமணி பூசையை முடித்து, மரப்பிடியின் பொட்டை ஈரத்துணியால் துடைத்து, தானே மடியில் வைத்துக்கொண்டு பிர்கிற்றின் காரில் பட்டறைக்கு வந்து இறங்கினாள். கையில் ஒரு பையும் இருந்தது. ஹோல்கர் குழலை மரத்தில் இறக்கி, திருகாணிகளை முறுக்கி, கடதாசித் துண்டை விட்டு இழுத்தார்.

கடதாசி பாதி வழியில் நின்றது. இன்னொருமுறை இழுத்தார். கிழிந்தது.

சண்முகலிங்கத்துக்கு உடனே விளங்கிவிட்டது. மூன்று நாள் ஹீற்றர் வெக்கையிலும் விளக்குச் சூட்டிலும் மரம் வளைந்துவிட்டது. வேலை போச்சு, தவமணி, எல்லாம் போச்சு என்று மனதுக்குள் அழுதார்.

ஹோல்கர் குழலைக் கழற்றி, மரத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். காது சிவக்கவில்லை. அதற்குப் பதிலாக, யாரும் எதிர்பாராத விதமாக, சிரித்தார்.

"மரம் உள்ளே காயவில்லை. மரக்காரன் காய்ந்தது என்று சொல்லி விற்றான், நானும் நம்பினேன். பட்டறைக் குளிரில் இது நல்ல பிள்ளையாக இருந்தது. சனிக்கிழமை கொடுத்திருந்தால் ஸ்கொட்லாந்தில் கணப்பு எரிகிற அறையில் வளைந்திருக்கும். பிர்கிற் ஒரு மானைக் குறிபார்க்க, குண்டு வேறெங்கோ போயிருக்கும். வளையவேண்டியது இங்கேயே வளைந்து முடிந்துவிட்டது, இனிச் சுரண்டினால் போதும்." தவமணியைப் பார்த்துத் தலை குனிந்தார். "தாக்" என்றார்.

"என்னவாம்?" என்றாள் தவமணி.

"நன்றியாம்."

"அதை அம்மனுக்குச் சொல்லச் சொல்லுங்கோ."

மத்தியானம்வரை வேலை நடந்தது. முட்டிய இடத்தை ஹோல்கர் சுரண்டினார், சண்முகலிங்கம் தேய்த்து எண்ணெய் பூசினார். கடைசியில் கடதாசி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடையில்லாமல் வழுக்கி ஓடியது. அதைப் பார்த்துச் சண்முகலிங்கம் கைதட்டிவிட்டு, பிறகு வெட்கப்பட்டார்.

பின்னேரம் நால்வரும் ஊருக்கு வெளியே, புல்வெளியில் இருக்கும் சுடுதளத்துக்குப் போனார்கள். பிர்கிற் குப்புறப் படுத்துத் துவக்கைத் தோளில் வைத்தார். அது அவருடைய தோளில் போய் ஒட்டிக்கொண்டது. கிட்டத்தில் சில வேட்டுகள் சுட்டுத் தொலைநோக்கியைச் சரிசெய்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் தவமணி காதைப் பொத்திக் கண்ணை மூடினாள். சண்முகலிங்கத்துக்கும் முதல் வெடியில் நெஞ்சு பழைய பயத்தில் அதிர்ந்தது. அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வெடிக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருந்தது.

இனித் தூரக் குறி என்றார் ஹோல்கர். அப்போதுதான் தவமணி பையைத் திறந்து, வெங்காயத்தாளின் அண்ணன் மாதிரி, வேரோடு கொழுத்த ஒரு லீக்ஸை வெளியே எடுத்தாள்.

"ஹேர்னிங்கிலை வாழைக்கு நான் எங்கை போக? இதுவும் தண்டுதானே."

லீக்ஸுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்து, முந்நூறு மீற்றருக்கு அப்பால் கம்பத்தில் நிமிர்த்திக் கட்டினார்கள். ஹோல்கர் தலையை ஆட்டினார். இவ்வளவு தூரத்தில் இவ்வளவு மெல்லிய குறியா என்றார். பிர்கிற், "எருமை இல்லையென்றால் சரி" என்றுவிட்டுப் படுத்தார். மூச்சை மெதுவாக விட்டார்.

வெடித்தது. லீக்ஸின் பச்சைத் தலை காற்றில் எழும்பிப் புல்லில் விழுந்தது. வெள்ளைத் தண்டு பொட்டோடு கம்பத்தில் நின்றது.

"அரோகரா" என்றாள் தவமணி, சத்தமாக. பிர்கிற் எழுந்து அவளைக் கட்டிப்பிடித்தார். தவமணியின் தலை பிர்கிற்றின் நெஞ்சு மட்டத்தில் நின்றது.

ஹோல்கர் வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டே கேட்டார். "அடுத்த வருடம் இந்தப் பண்டிகை எப்போது வரும்?"

"நாள் மாறும். பஞ்சாங்கம் பார்க்கவேண்டும்" என்றார் சண்முகலிங்கம்.

"பார்த்துச் சொல். அந்தக் கிழமை முழுக்க ஒருவருக்கும் துவக்குத் தருவதாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புது மரம் வந்தால் முதலில் உன் வீட்டுக்குத்தான் போகும்."

"சரி" என்று சொல்லிவிட்டுத்தான் சண்முகலிங்கத்துக்கு உறைத்தது. அடுத்த வருடம். அப்படியென்றால் தன்னை வைத்திருக்கப்போகிறார்.

"என்னவாம்?" என்றாள் தவமணி, புல்லில் கிடந்த பச்சைத் தலையை எடுத்தபடி.

"அடுத்த வருசமும்…" என்றார். மிச்சம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. லீக்ஸ் தலையைப் பையில் பத்திரமாக வைத்தாள். "அப்ப இரவைக்குப் புட்டு அவிக்கிறன். அவை ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்கோ."