ரேணுகாம்பாள் கொடுக்க நினைத்த கண்

பச்சையப்பனின் வலது கண்ணில் அழுத்தம் ஏறிப் போன பார்வை இனி வராது என்று வேலூர் கண் டாக்டர் சொன்ன அன்றே அவர் மனைவி ரேணுகாம்பாள் முடிவு செய்துவிட்டாள். ஆரணிக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே சொல்லியும் விட்டாள்.

"எனக்கு ஒரு கண்ணு போதுங்க. நான் ஒண்ணு குடுக்கறேன்."

அவள் வைத்தியம் படித்தது டிவியில். புருஷன் தறியில் நெய்ய, அவள் பக்கத்தில் நூல் சுற்ற, இருவருமாகப் பார்த்த படங்கள் கொஞ்சமா? கதாநாயகனுக்குக் கண் போகும். யாராவது ஒரு புண்ணியவதி தன் கண்ணைக் கொடுப்பாள். டாக்டர் கட்டைப் பிரித்ததும் முதலில் மங்கலாக, பிறகு பளிச்சென்று எல்லோர் முகமும் தெரியும். கண்ணில் அழுத்தம் ஏறியவன் தினமும் சொட்டு மருந்து விடுவதை எந்தப் படத்திலும் காட்டவில்லை. காட்டினால் யார் உட்கார்ந்து பார்ப்பது?

நிஜ டாக்டர் சொன்னதோ அந்தச் சொட்டு மருந்தைத்தான். இடது கண்ணிலும் அழுத்தம் இருக்கிறது, ஆனால் பார்வை நன்றாக இருக்கிறது, ஒருநாளும் மருந்தை நிறுத்தாதீர்கள் என்றார். அந்த ஒரு கண்ணை வைத்துத்தான் தறி ஓடியது. மருந்து விட்டீர்களா என்று ரேணுகாம்பாள் கேட்டால் "ஆச்சு" என்பார். அவளும் நம்பினாள்.

மூன்று மாதத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். தறியில் ஏற்றிய இந்தப் பாவு நெய்து முடியட்டும், அடுத்த பாவு முடியட்டும் என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது. போனபோது அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு அவள் மட்டும் முதலில் உள்ளே போய், என் கண்ணை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டாள். டாக்டர் அன்புச்செல்வி சிரிக்கவில்லை. அதுவே பெரிய மனசு. முழுக் கண்ணை மாற்றிப் பார்வை கொண்டுவர யாராலும் முடியாது, மாற்றுவது கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் படலத்தைத்தான், அதுவும் இறந்தவர்களிடமிருந்து எடுப்பது என்று பொறுமையாகச் சொன்னார். இவருக்குச் செத்துப்போனது உள்ளே இருக்கும் நரம்பு. அதற்கு மாற்றே கிடையாது. அப்போ சினிமாவில் வருவது பொய்யா என்று கேட்டாள். பொய்தான்மா என்றார் டாக்டர்.

இருக்கிற கண்ணாவது இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவரை உள்ளே கூப்பிட்டாள். டாக்டர் இடது கண்ணைச் சோதித்தார். வேறொரு மெஷினில் உட்கார வைத்து மறுபடியும் சோதித்தார். மருந்து விடுகிறீர்களா என்று கேட்டார்.

"எரியுதும்மா. நிறுத்தி ரொம்ப நாளாச்சு," என்றார் பச்சையப்பன் சாதாரணமாக. "கொஞ்ச நாளா ஜரிகைகூட சரியா தெரியல. அதான் இவ குடுக்கறேன்னு சொல்லிட்டாளே. புதுசு வரப்போவுது, பழச எதுக்குக் காப்பாத்திகினு இருக்கணும்?"

டாக்டர் எல்லாவற்றையும் அவருக்கும் சொன்னார். இடது கண் நரம்பும் முக்கால்வாசி போய்விட்டது. இன்றிலிருந்து மருந்து விட்டால் மிச்சமிருக்கும் வெளிச்சம் நிற்கலாம். போனது வராது. இனி நெசவு முடியாது.

பஸ் ஸ்டாண்டில் ஆரணி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் அவர் கேட்டார்.

"நீ இன்னாத்துக்கு ரேணு அத சொன்ன?"

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். பஸ் வந்தது. அவர் படியைக் காலால் துழாவினார். அவள் குனிந்து அவர் காலைப் பிடித்துப் படியின் மேல் வைத்தாள்.