பிரேக் மாஸ்டர் தைத்த பெல்ட்

தொப்புளுக்குக் கீழே அரிப்பு ஆரம்பித்தபோது பிரேக் மாஸ்டர் முதலில் சோப்பின் மேல் பழியைப் போட்டார். சோப்பை மாற்றினார். பிறகு துணி துவைக்கும் தூளைக் குற்றம் சொன்னார். அதையும் மாற்றினார். கடைசியில் தோல் டாக்டர் அவருடைய பெல்ட்டின் பக்கிளை விரலால் தட்டிக் காட்டினார். அந்த உலோகம் அவர் தோலுக்கு ஆகவில்லையாம். துணி பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள், உலோகம் மட்டும் உடம்பில் படவே கூடாது என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். பெல்ட்டே போடாமல் இருந்தால் என்ன என்று மாஸ்டர் கேட்டுப் பார்த்தார். டாக்டர் அவருடைய வயிற்றையும் பேன்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் கற்றுக்கொள்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பிரேக். இவருடைய கால் எந்நேரமும் தன் பக்கத்துப் பிரேக்கின் மேலேயே குடியிருக்கும். ஆள் குறுக்கே வந்தாலும் மிதிப்பார், வரலாம் என்று தோன்றினாலும் மிதிப்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் பிரேக் மாஸ்டர். அவரோ அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

கடைகளில் தேடினார். பெல்ட் துணியாக இருந்தால் பக்கிள் உலோகமாக இருந்தது. வீட்டு மூலையிலோ மனைவியின் தையல் மெஷின் உறை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. மனைவி மகளின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். தானே ஒரு பெல்ட் தைத்துக்கொள்ளப் போவதாக மாஸ்டர் அவளிடம் போனில் அறிவித்தார்.

“நீங்களா?” என்றாள்.

“நீளமா ஒரு துணி. அத மடிச்சு நேரா ஒரு தையல். இதுல என்ன இருக்கு?”

இதில் என்ன இருக்கிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். உள்ளே கேன்வாஸ் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் கயிறு மாதிரி சுருண்டுகொள்ளும். தைத்ததைப் புரட்டுவதற்கு ஒரு முனையைத் திறந்தே விட வேண்டும். வளையம் கோக்கிற இடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை தைக்க வேண்டும், எல்லாப் பாரமும் அங்கேதான். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் ‘ம்’ போட்டார். கிளட்ச்சைப் பற்றி அவர் விளக்கும்போது அவரிடம் கற்க வருகிறவர்கள் போடுகிற அதே ‘ம்’ அது.

மறுநாள் விடுமுறை. பரணில் மீந்துபோன கர்ட்டன் துணி கிடைத்தது, கருநீலம். அதோடு இருந்த பிளாஸ்டிக் வளையங்களைப் பார்த்ததும் தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமையாகிவிட்டது. இரண்டு வளையத்தை ஒரு முனையில் கோத்துவிட்டால் மறுமுனையை நுழைத்து இறுக்கிக்கொள்ளலாம், பக்கிளே வேண்டாம். இடுப்பை அளந்தார். அளக்கும்போது அறையில் யாருமே இல்லை. இருந்தும் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளிக்கொண்டார். மூச்சை விட்டதும் அளவு பொய்யாகிவிட்டது. மறுபடியும் அளந்தார். மறுபடியும் வயிறு தானாகவே உள்ளே போனது. கடைசியில் ஒரு முழம் கூடுதலாகவே வெட்டினார். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதற்காக விட்ட கூடுதல் அளவு அது என்று பின்னாளில் சொல்வார்.

துணியை நீளவாக்கில் மடித்து, ஊசிக்கு அடியில் வைத்து, பெடலை மிதித்தார். அவ்வளவுதான் தெரியும். துணி அவர் கையைவிட்டுப் பறந்து மெஷினின் மறுபக்கம் போய் நின்றது. தையலைப் பார்த்தால், நடுத்தெருவில் தொடங்கி நடைபாதையில் ஏறி, ஒரு கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்ததுபோல் இருந்தது. கற்றுக்கொள்ள வந்த யாராவது இப்படி ஓட்டியிருந்தால் அவர் அன்றைக்கு முழுக்கப் பேசியிருப்பார். இங்கே பேச ஆள் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மீதியை ஓட்டினார்.

முடித்துவிட்டுப் பார்த்தால் இரண்டு முனையையும் தைத்து மூடியிருந்தார். நல்ல பக்கம் உள்ளே, தையல் வெளியே, புரட்ட வழியில்லை. ஒரு முனையைப் பிரித்தார். பேனாவால் குத்தித் தள்ளினார்; பேனா மூடி உள்ளேயே கழன்று தங்கிவிட்டது. சேஃப்டி பின்னை விட்டுப் பார்த்தார். அது பாதி வழியில் திறந்துகொண்டு துணியைக் கவ்வியது. கடைசியில் ஸ்க்ரூடிரைவரின் உதவியால் புரண்டது, மூலையில் ஒரு ஓட்டையோடு. கேன்வாஸ் ஞாபகம் அப்போதுதான் வந்தது. ‘எனக்கென்ன அலங்காரப் போட்டியா?’ என்று கேட்டுக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்து அழுத்தித் தேய்த்தார். வளையங்களைக் கோத்துத் தைத்து முடித்த பிறகு, அடிநூல் சுற்றியிருக்கும் பாபினில் நூல் தீர்ந்துபோயிருப்பதைக் கவனித்தார்; அடிநூல் இல்லாமல் தையல் நிற்காது. எப்போது தீர்ந்தது என்று தெரியவில்லை. இழுத்துப் பார்த்தார். பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த நாள் அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார்: நானே தைத்தது. அன்று ஒரு பல் டாக்டருக்கு ஓட்டுநர் தேர்வு. அந்த அம்மாள் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தார். பல்லில் துளை போடும்போது அசையாத கை, ஸ்டீயரிங்கைத் தொட்டதும் உதறும். தேர்வுத் திடலுக்குப் போகும் வழியெல்லாம் மாஸ்டர் அவரைக் கடிந்துகொண்டே போனார். “நேரா ஒரு கோடு டாக்டரம்மா. அதுகூட வராதா?” என்று கேட்டபோது மட்டும் அவருக்கு உள்ளே லேசாக ஏதோ உறுத்தியது. கர்ட்டன் துணியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

திடலில் தேர்வு அதிகாரி காத்திருந்தார். சிரித்து யாரும் பார்த்திராத மனிதர். மாஸ்டர் காரிலிருந்து இறங்கி, வழக்கம்போல் நெஞ்சை நிமிர்த்தி வணக்கம் சொல்ல இரண்டு கையையும் குவித்தார். இடுப்பில் ‘பட்’ என்று ஒரு சத்தம். வளையம் இரண்டும் மண்ணில் உருண்டு, ஒன்று அதிகாரியின் ஷூவில் மோதிப் படுத்தது. அதற்குப் பின்னாலேயே பேன்ட்டும் இறங்கியது. மாஸ்டர் பிடிப்பதற்குள் அது முழங்காலைத் தாண்டிவிட்டது. உள்ளே போட்டிருந்தது மகள் எப்போதோ விளையாட்டாக வாங்கிக் கொடுத்த, வாத்துப் படம் போட்ட அரைக்கால் சட்டை.

அதிகாரி வாத்துகளைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“முதல்ல அத மேல ஏத்துங்க” என்றார். பிறகு காரில் ஏறிக்கொண்டார்.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த டாக்டரம்மா தலையை அதன் மேலேயே கவிழ்த்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து மாஸ்டர் சமாதானம் சொல்ல ஓர் அடி எடுத்து வைத்தார். டாக்டரம்மா நிமிர்ந்து கண்ணைத் துடைத்தபோதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

கார் கிளம்பியது. போன தேர்வில் மாஸ்டர் ஓரமாக நின்று, இடது, வலது, நிறுத்து என்று கையை ஆட்டி ஆட்டிச் சாடை காட்டியிருந்தார். இந்த முறை அவருடைய இரண்டு கையும் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு கையை எடுத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் உடனே சரிந்தது. வேறு வழியில்லாமல் வெறுமனே நின்றார். கார் வளைவில் மெதுவாகத் திரும்பியது. கம்பங்களுக்கு நடுவே பின்னால் வந்து, எதையும் தொடாமல் நின்றது. மாஸ்டருடைய வலது கால் மட்டும் மண்ணை விடாமல் மிதித்துக்கொண்டே இருந்தது.

அதிகாரி இறங்கி, டாக்டரம்மா தேறிவிட்டதாகச் சொன்னார். போகும்போது அந்த வளையத்தைக் குனிந்து எடுத்து மாஸ்டரிடம் நீட்டினார். வாங்கிக்கொள்ள மாஸ்டருக்குக் கை இல்லை. அதிகாரி அதை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் டாக்டரம்மாதான் ஓட்டினார். மாஸ்டர் சீட் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் இடுப்பில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பெல்ட் அது. தன் பாடம் கடைசியில் பலித்துவிட்டது என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர்” என்றார் டாக்டரம்மா. “போன தடவ நான் ரோட்டையே பாக்கல, உங்க கையத்தான் பாத்துட்டு இருந்தேன். இந்தத் தடவ அது ரெண்டுக்கும் வேற வேல வந்துடுச்சு. அதான்.”

தப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று மாஸ்டர் கொஞ்ச தூரம் யோசித்தார். இத்தனை காலமாகத் தன்னிடம் ஒருமுறை தோற்றுத் திரும்பி வந்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அத்தனை பேரையும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லியிருந்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார்; அப்போதும் அது பிரேக்கின் மேல்தான் இருந்தது. மெதுவாக எடுத்துக் கீழே வைத்தார். கூச்சமாக இருந்தது, செருப்பில்லாமல் வெளியே வந்துவிட்டதுபோல.

சாயங்காலம் மனைவியைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். முதலில் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தார். வாத்து வரைக்கும் வந்த பிறகு மறைப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மனைவி சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்துக்கொண்டது. மகள் வந்து என்ன என்று கேட்க, அவளுக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

பெல்ட்டைப் போன் கேமராவில் காட்டச் சொன்னாள் மனைவி. முன்னும் பின்னும் திருப்பச் சொல்லிப் பார்த்தாள்.

“நான் வந்து தச்சுத் தரட்டுமா?”

“வேணாம். நீ சொல்லு, நான் தைக்கிறேன்.”

போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். இந்த முறை கேன்வாஸ் வாங்கி வந்திருந்தார். பாபினில் நூல் சுற்றினார். மிதிக்காமல் பெடலில் காலைச் சும்மா வைத்துப் பழகச் சொன்னாள். பழகினார். வளைந்து போனபோது அவள் கத்தவில்லை, நிறுத்திப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொன்னாள். அவர் ‘ம்’ போடவில்லை. புரியாத இடத்தில் புரியவில்லை என்றார். வளையம் கோத்த இடத்தில், போதும் என்று அவளே சொல்லும்வரை முன்னும் பின்னுமாகத் தைத்தார். கட்டிக்கொண்டு ஒருமுறை குதித்தும் காட்டினார். பேன்ட் இருந்த இடத்தில் இருந்தது.

“பரவாயில்லையே” என்றாள் மனைவி. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டோ என்னவோ, அடுத்ததாகக் கேட்டாள். “ஆமா, துணிய எந்தக் கத்தரிக்கோல்ல வெட்டினீங்க? அந்தச் செவப்புப் பிடி போட்டது இல்லல்ல? அது துணிக்குன்னே வச்சிருக்கேன்.”

சிவப்புப் பிடிதான். முதல் நாளே அதில் பிளாஸ்டிக் வளையத்தின் பிசிறை வெட்டி, அட்டையை வெட்டி, எதற்கோ ஒரு கம்பியையும் நறுக்கியிருந்தார். பேன்ட் அவிழ்ந்ததை ஒளிக்காமல் சொன்ன மனிதர், இப்போது போனைக் காதருகே கொண்டுபோய், சரியாகக் கேட்கவில்லையே, சிக்னல் விட்டு விட்டு வருகிறதே என்றார்.