கண்ணை மூடிப் பிடித்த துவக்கு

பேனாட்டுக்குத் துவக்கு, துப்பாக்கி என்ற பேச்சே ஆகாது. மன்னாரில் சங்கக்கடை மனேச்சராக இருந்தவன், வெடிச்சத்தம் நெருங்கிவர, மனைவியையும் பிள்ளையையும் பேசாலையில் அவள் தாய்வீட்டில் விட்டுவிட்டு டென்மார்க்குக்கு ஓடிவந்தான். அப்படிப்பட்டவன் அங்கே விபோர்க் நகரில் ஒரு வெள்ளைக்காரனின் கராஜுக்குள் குந்தியிருந்து வேட்டைத் துவக்குக்கு மரக்கட்டை செதுக்கினான் என்றால் சனம் சும்மா விடுமா? பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது, "பேனாட் அண்ணை தனி இயக்கம் தொடங்கப்போறாராம்" என்று பகிடி விட்டார்கள். அவனும் சிரித்து வைத்தான்.

அவன் அங்கே போனது துவக்குக்காக அல்ல, பாஷைக்காக. மனைவி யசிந்தாவையும் மகள் சுஜாந்தினியையும் கூப்பிட எண்பத்தேழில் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டிருந்தான். சட்டப்படி அவர்கள் வரலாம். ஆனால் விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தமிழரின் கோப்புகளை அப்படியே கிடக்க விடுங்கள் என்று மேலிடமே சொல்லி வைத்திருந்த கதை பின்னாளில் பேப்பரில் வந்து நாடே நாறியது. அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? தான் அந்தக் கந்தோரில் கதைத்த டெனிஷ் பாஷைதான் பிழையாய்ப் போயிற்று என்று இந்தப் பாவி நினைத்தான். பாஷை திருந்தினால் பெண்சாதி வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டான்.

கதைத்துப் பழக அவன் பிடித்த ஆளைப் பாருங்கள். கீழ்வீட்டு எய்னர், பஸ் சாரதி, வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனிதர். வேலை முடிந்து வந்தால் கராஜ்தான். வேட்டைத் துவக்குகளின் வெடித்துப்போன பழைய கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, வால்நட் மரத்தில் புதிதாகச் செய்து பொருத்துவது அவருடைய பொழுதுபோக்கு. முதலில் துவக்கின் பூட்டை, அதாவது குண்டை வெடிக்கவைக்கிற பொறியை, கழற்றி இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். மிச்சம் வெறும் குழாயும் மரமும். அதனால்தான் பேனாட் துணிந்து கிட்டப் போனான்.

பாஷை வரவில்லை, வேலை பிடித்துக்கொண்டது. குழாயின் அடியில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் வைத்து அமத்தித் தூக்க வேண்டும். கரி பட்ட இடம்தான் இடிக்கிற இடம். அதை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். மரமும் இரும்பும் காற்றுப் புகாமல் பொருந்தும்வரை இதே பாடுதான். பிறகு ஈரத்துணியால் துடைத்தால் மரத்தில் மயிர்போல நார் எழும்பும். காயவிட்டுத் தேய்த்து, உள்ளங்கையால் ஆளி எண்ணெய் பூசி, காயும்வரை தொடாமல் இருக்க வேண்டும். பேனாட் முதலில் அவசரப்பட்டுக் கெடுத்தான். எய்னர் எண்ணெயை வழித்தெடுத்துவிட்டுத் திரும்பப் பூசச் சொன்னார். கந்தோரில் காத்திருப்பது அவனை அறுத்தது. கராஜில் காத்திருந்தால் மரமாவது மினுங்கியது.

எண்பத்தெட்டின் கோடையில், எய்னர் ஒரு துவக்கின் கட்டையை முழுதாக அவனிடமே விட்டார். எய்னருடைய மனைவி மான் வேட்டைக்குக் கொண்டுபோகும் துவக்கு அது. கட்டை என்பது உடுப்பு மாதிரி, ஆளின் கைக்கும் கழுத்துக்கும் அளவாக வெட்ட வேண்டும். அந்த மனுசியும் பேனாட்டும் ஒரே உயரம், ஒரே கைநீளம். ஆகவே அளவு பார்த்ததெல்லாம் இவனுடைய தோளில்தான். கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் ஏற்றி, கன்னத்தை மரத்தில் வைத்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். குறி நேரே நின்றால் கட்டை சரி. வேலை முடிந்த அன்று பேனாட் கண்ணைத் திறந்தான். இம்மியும் பிசகாமல் நின்றது. எய்னர் சத்தம்போடாமல் கமராவை எடுத்து, அவன் கண் மூடியிருந்த நேரமே ஒரு படம் பிடித்திருந்தார்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்கு வந்த ஒவ்வொருத்தனும் ஊருக்குப் படம் அனுப்பினான். பனிக்குள் நின்று ஒன்று, ஆரோ ஒருவரின் காரில் சாய்ந்து ஒன்று. பேனாட் அதுவரை ஒன்றும் அனுப்பவில்லை. வேலைசெய்கிற கோழித் தொழிற்சாலையின் தொப்பியோடு என்ன படம் வேண்டிக்கிடக்கிறது என்று இருந்தவன், இதை மட்டும் அனுப்பினான். தன் கையால் ஒன்று செய்ததை அவள் பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டான். படத்தில் துவக்கு இருக்கிறது என்பது அவன் மண்டையில் ஏறவேயில்லை. அவன் கண்ணுக்கு அதில் இருந்தது மரம்.

மாரி தொடங்கியபோது யசிந்தா மன்னார் ரவுணிலிருந்து போன் எடுத்தாள்.

"தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்றாள். தம்பி என்றால் அவளுடைய தம்பி ஸ்ரான்லி, கடலுக்குப் போகிற பெடியன்.

"ஏன்? என்ன செய்தவன்?"

"அவன் ஒண்டும் செய்யேல்லை. உங்கட படத்தைச் சாமிப்படத்தோட செருகி வைச்சிருந்தனான். செக்பண்ண வந்த ஆமி எடுத்துப் பாத்து ஆர் எண்டு கேட்டாங்கள். என்ர மனுசன், வெளிநாட்டில எண்டன். நம்பேல்லை. தம்பிதான் முன்னுக்கு வந்து, அத்தான் அங்க மரவேலை செய்யிறார் எண்டு விளங்கப்படுத்தினவன். அவனை ஏத்திக்கொண்டு போட்டாங்கள்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பேனாட் போனை வைத்தான். என் மச்சானை நானே பிடித்துக்கொடுத்துவிட்டேனே என்று சுவரில் தலையை முட்டி அழுதான். கந்தோர்க்காரர் வேளைக்கு ஓம் என்றிருந்தால் அவள் அப்போது இங்கே இருந்திருப்பாள், அந்தப் படத்துக்கே தேவை வந்திராது. இதையும் அவன் நினைத்தான். நினைத்து என்ன, படத்தைத் தபாலில் போட்டது அவன் கைதானே.

எய்னரிடம் போய்ச் சொன்னான். அன்றைக்கு அவன் பேசிய டெனிஷில் ஒரு பிழையும் இருக்கவில்லை. எய்னர் மேசையில் இருந்து ஆங்கிலத்தில் எழுதினார்: துவக்கு என்னுடையது, மான் வேட்டைக்கானது, படம் பிடித்தபோது அதில் பூட்டே இல்லை, அது சுடாது. வேட்டைச் சங்கத்தின் முத்திரையையும் வாங்கிக் குத்தினார். கடிதம் பேசாலைக்குப் போய்ச் சேர, அங்கத்தைய பங்குச் சுவாமியார் அதை இராணுவக் காம்புக்குக் கொண்டுபோனார். அப்படி ஒருவரையும் நாங்கள் பிடிக்கவில்லை என்று காம்பில் சொன்னார்கள். அடுத்த காம்பிலும் அதைத்தான் சொன்னார்கள்.

அனுமதி வந்தது, வராமல் இல்லை. தமிழரின் கோப்புகளுக்கு இருந்த தடை எடுபட்டு, அடுத்த வருசம் யசிந்தாவுக்கும் சுஜாந்தினிக்கும் சேர்த்தே வந்தது. பேனாட் போனில் அவளிடம் சொன்னான்.

"பிள்ளையை அனுப்பிறன். எங்கட ஊர்க் கமலாதேவியக்கா அங்க டென்மார்க்கில பிரெடெரிசியாவுக்கு மனுசனிட்டை வாறா, அவவோட விடுறன்."

"நீர்?"

"நானும் வந்தா இஞ்ச ஆர் அவனைத் தேடுறது?"

"யசிந்தா, அவன்..."

"அதைச் சொல்லாதேங்கோ" என்றாள்.

டென்மார்க்கின் கஸ்ரப் விமானநிலையத்தில் சுஜாந்தினி கமலாதேவியின் சீலையைப் பிடித்தபடி வந்தாள். அவன் ஊரைவிட்டு வரும்போது மடியில் கிடந்த பிள்ளை, இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. அவனைத் தூக்க விடவில்லை. விபோர்க்குக்குப் போகிற வழியில் ரயில் அப்படியே கப்பலுக்குள் ஏறிக் கடலைக் கடக்கும்போது, மற்ற எல்லோரும் மேல்தட்டுக்குப் போயிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் முதல்தரம் வாய் திறந்தாள்.

"துவக்கை வீட்டிலயா வைச்சிருக்கிறியள்?"

"இல்லைப் பிள்ளை. அது அப்பாவின்ர இல்லை. கீழ்வீட்டு வெள்ளைக்காரரின்ர. அது சுடாது."

அவள் யோசித்தாள். தகப்பன் சொன்னதில் ஏதோ ஒன்று அவளுக்குப் பிடிபட்டதுபோல முகம் தெளிந்தது. நெருங்கி வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"அப்ப அதை அம்மாவிட்டைச் சொல்லுங்கோவன். அம்மா ஆமிக்காரரிட்டைச் சொல்லுவா. ஸ்ரான்லி மாமாவை விட்டிடுவாங்கள். பேந்து அம்மாவும் வருவா."

"சொன்னனான், பிள்ளை" என்றான் பேனாட்.